மாப்பிள்ளைக்குப் போட்ட நாற்காலி

அறுபதுகளில் எங்கள் வீட்டில் மூட்டைப்பூச்சியே கிடையாது என்று திருவள்ளூரில் யாராவது சொன்னால் அது பச்சைப் பொய். எல்லா வீட்டிலும் இருந்தது. அதை வேலைக்கு வைத்துக்கொண்டது எங்கள் வீடு மட்டும்தான்.

கூடத்தில் ஒரு பிரம்பு நாற்காலி. அதன் பின்னலுக்குள் மூட்டைப்பூச்சிகள் தலைமுறை தலைமுறையாகக் குடித்தனம். ஓசிப் பேப்பர் படிக்க வந்து சாப்பாட்டு நேரம்வரை நகராத ஆசாமிகளுக்கு அம்மா அதைத்தான் போடுவாள். கொஞ்ச நேரத்தில் "அவசர வேலை கீது" என்று ஓடிவிடுவார்கள். (பாவம், வெளியே சொல்ல முடியாத இடத்தில் கடி.)

அப்போது டீச்சர் ட்ரெயினிங் முடித்துவிட்டு வேலைக்குப் போகத் துடித்துக்கொண்டிருந்தேன். கும்மிடிப்பூண்டியிலிருந்து ஒரு வரன் வந்தது. போட்டோவில் மாப்பிள்ளை போலீஸ் ஸ்டேஷனில் நிற்கவைத்து எடுத்தது மாதிரி முறைத்தார். இந்த மூஞ்சியா என்னை வேலைக்கு விடும்? பெண் பார்க்க வந்த அன்று, அம்மா ஒளித்துவைத்திருந்த நாற்காலியை யாருக்கும் தெரியாமல் கூடத்தில் கொண்டுவந்து போட்டவள் நான்தான். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு.

வந்தவர் முறைக்கவில்லை. சிரித்துக்கொண்டே போய் அதிலேயே உட்கார்ந்தார். நான் காபி கொடுத்தபோது கேட்டார்: "ட்ரெயினிங் முடிச்சிருக்கீங்களாமே, கல்யாணத்துக்கு அப்பறம் வேலைக்குப் போவணும்னு ஆசை இருக்குதா? தாராளமா போங்க."

ஐயோ! என்னை அதுவரை யாரும் அப்படிக் கேட்டதே இல்லை. மனசு அங்கேயே விழுந்துவிட்டது. அதற்குள் அவர் நெளிய ஆரம்பித்தார்.

"அந்த பெஞ்சுல உக்காருங்களேன், காத்து வரும்" என்றேன். பெண் வாயைத் திறந்ததில் கூடமே திரும்பியது. அம்மா கண்ணாலேயே எரித்தாள்.

"பரவால்ல, இதுவே நல்லாத்தான் கீது" என்று மரியாதைக்குச் சொல்லிவிட்டு மறுபடி நெளிந்தார்.

"இன்னாடா நெளியற?" என்று திரும்பிப் பார்த்தார் அவருடைய அம்மா. மகனின் வெள்ளைக் காலரில் கொழுத்த பூச்சி ஒன்று நடந்துபோய்க்கொண்டிருந்தது.

"சீர்வரிசையோட இதையும் அனுப்புவாங்க போல. எழுந்திர்றா!"

"நம்ம ஊட்ல இல்லாததாம்மா?"

"வாயை மூடிக்கினு வாடா!"

வாசலில் அவர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். உண்மை என் தொண்டைவரை வந்தது. என்னவென்று சொல்வது? விரட்டத்தான் போட்டேன், இப்போது போகாதீர்கள் என்றா? வெட்கக்கேடு! காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

அப்பா அன்றைக்கே நாற்காலியை உடைத்து வெந்நீர் அடுப்பில் வைத்தார். அடுத்த தையில் எனக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆனது. இன்றைக்கும் வேண்டாத விருந்தாளி யாராவது வந்தால் பிள்ளைகள் என் காதில், "அம்மா, நாற்காலி போடட்டா?" என்பார்கள். எல்லோரையும்விட அதிகமாகச் சிரிப்பது என் வீட்டுக்காரர்தான். நல்ல மனிதர், ஒரு குறை சொல்ல முடியாது. வேலைக்குத்தான் அனுப்பவில்லை.