கொம்பு வளைந்த கதை

"இந்தக் கொம்பு ஏன்யா வளைஞ்சிருக்கு?" என்று முதலாளி மறுபடியும் கேட்டார்.

மேசைமேல் ஒரு கைக்கடிகாரம் கிடந்தது. மெல்லிய தங்க உடம்பு, தந்த நிற டயல், இலை வடிவத்தில் இரண்டு முள். சாவி கொடுக்க வேண்டாம். கை அசைந்தாலே தானாக ஓடும். கோட்டுப் போடும் நாட்களில் மட்டும் கட்டிக்கொள்கிற ரகம். கம்பெனியை ஆரம்பித்த தாத்தா போட்ட மாடலைப் பேரனான முதலாளி மறுபடி சந்தைக்குக் கொண்டுவரப் போகிறார். தோல் வாரை மாட்டுகிற நான்கு கொம்புகளும் வெளிப்பக்கமாக லேசாக வளைந்திருந்தன. விலையில் பாதி அந்த வளைவுக்குத்தான்.

"அழகா இருக்கட்டும்னு வளைச்சிருப்பாங்க சார்" என்றார் விளம்பர அதிகாரி.

"அழகுக்கு எவன்யா இவ்வளவு விலை குடுப்பான்? பாரம்பரியம் வேணும்யா, பாரம்பரியம்! கண்டுபிடிச்சு எழுது. இல்லேன்னா கிடங்குல போய் அட்டைப்பெட்டிக்கு ஸ்டிக்கர் ஒட்டு."

அதிகாரிக்கு ஆபீசில் 'வர்ணனை' என்று பெயர். வயிற்றுவலிக்கு லீவு கேட்டு எழுதினால்கூட அந்த வலிக்கு இரண்டு அடைமொழி போடுவார். அப்படிப்பட்டவருக்கே இந்த முறை பேனா ஓடவில்லை. தொழிற்சாலையின் பழைய பீரோக்களைக் குடைந்து பார்த்தார். தும்மல்தான் வந்தது. கடைசியில் ஸ்டிக்கர் ஒட்டும் காட்சி கண்முன் வர, மளமளவென்று எழுதித் தள்ளினார்.

'பொன்மாலைப் பொழுதில், காதல் மனைவியோடு கடற்கரையில் அமர்ந்திருந்த நம் நிறுவனர், தலைக்குமேல் பறந்த வெண்பறவையின் சிறகைக் கண்டார். அந்தச் சிறகே இந்தக் கொம்பு.'

படித்த முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது. "தாத்தா இதை என்கிட்ட சொன்னதே இல்லையேய்யா!"

"உங்களுக்கு அப்போ சொல்ற வயசில்லை சார்."

பத்திரிகையாளர் கூட்டம் கூட்டினார்கள். மேடையில் வர்ணனை, வெண்பறவையைக் கைகளாலேயே பறக்கவிட்டுக் காட்டினார். கைதட்டல் அடங்கியதும் ஒரு நிருபர், "தாத்தா கையால வரைஞ்ச படம் ஏதாவது இருக்குங்களா?" என்று ஆரம்பித்தார்.

அவர் முடிப்பதற்குள் முன்வரிசையிலிருந்து ஒரு குரல். முதலாளியின் அத்தை, அதாவது அந்தத் தாத்தாவின் ஒரே மகள்.

"கடற்கரையா? எங்கம்மாவா? எங்கம்மாவுக்குத் தண்ணின்னாலே நடுக்கம். வாளித் தண்ணியைக்கூடத் தள்ளி நின்னுதான் மொள்ளுவாங்க. கடல் பக்கம் போனதே கிடையாதே!"

நிருபர் படத்தை மறந்தார். "அப்ப பக்கத்துல உட்கார்ந்திருந்தது யாருங்க?"

வர்ணனை கையிலிருந்த தாளைப் புரட்டினார். "அது அச்சுப்பிழைங்க. 'காதல் மனைவியோடு' இல்லை, 'காதல் மனதோடு'. தனியாத்தான் உட்கார்ந்திருந்தார்."

"யார்மேல காதல்?"

மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் மர்மப் பெண்தான். முதலாளி குதித்தார். "தங்கமான மனுஷனைக் கடற்கரையில கொண்டுபோய் உட்கார வச்சு மானத்தை வாங்கிட்டியேய்யா! மறுப்பு எழுது!"

வர்ணனை எழுதினார். 'எந்தப் பெண்ணுடனும் நிறுவனருக்குத் தகாத தொடர்பு இருந்ததில்லை' என்று வந்தது. அதுவரை நல்லவிதமாக நினைத்துக்கொண்டிருந்தவர்களும் அதைப் படித்துத்தான் சந்தேகப்பட ஆரம்பித்தார்கள்.

இரண்டொரு நாளில், நரைத்த கொண்டையும் கறுப்புக் கண்ணாடியுமாக ஒரு அம்மாள் முதலாளியின் அறைக்குள் வந்து உட்கார்ந்தாள்.

"கடற்கரையில இருந்தது எங்கம்மாதான். பறவையைக் காட்டி, 'இதே மாதிரி வளைச்சுப் பாருங்க'ன்னு சொன்னதே அவங்கதான். கடிகாரத்தோட முதுகுல அவங்க பேரைப் பொறிக்கணும்."

"பொய்!" என்று கத்திவிட்டார் வர்ணனை.

முதலாளி திரும்பினார். "உனக்கெப்படித் தெரியும்?"

வர்ணனையின் கண்முன் மறுபடி ஸ்டிக்கர் வந்து நின்றது. "அது... பறவை அந்தப் பக்கமா வரலை சார்."

"நீ பார்த்தியா?"

"நீங்களே சொல்லுங்க தம்பி" என்றாள் அந்த அம்மாள் பரிவாக. "கடற்கரை நிஜமா, பொய்யா?"

"நிஜம்தாம்மா" என்று முனகினார் வர்ணனை.

அத்தை வந்தாள். அந்த அம்மாளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, "அப்பா மூக்கு அப்படியே இருக்கு!" என்று கட்டிக்கொண்டு அழுதாள். முதலாளிக்கு வேறு வழியில்லை. அறிமுக விழா மேடையில் புது அத்தைக்கென்று ஒரு நாற்காலி கூடுதலாகப் போடச் சொன்னார்.

வீட்டில் வர்ணனை சாப்பாட்டைத் தொடாமல் எல்லாவற்றையும் மனைவியிடம் கொட்டினார். அவள் நிதானமாகச் சொன்னாள்: "நீங்க ஒரு பொய்யைப் பெத்தீங்க. அதுக்கு நரைச்ச தலையோட ஒரு பொண்ணே இருக்கு."

அதற்குமேல் அவரால் தாங்க முடியவில்லை. ஒழுக்கமாக வாழ்ந்து முடித்த மனிதர்; தன்னால் ஊர்வாயில் கிடக்கிறார். வேலை போனால் போகட்டும் என்று நேரே அத்தை வீட்டுக்குப் போனார்.

"அம்மா, என்னை மன்னிச்சிருங்க. கடற்கரையும் கிடையாது, பறவையும் கிடையாது. எல்லாம் நானா எழுதினது. அந்தம்மா சுத்த மோசடி. உங்கப்பா அப்பழுக்கில்லாதவர். நாளைக்கே எல்லாப் பத்திரிகைக்கும் போய் உண்மையைச் சொல்லிடறேன்."

அத்தை எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

"பேசாம போய் வேலையைப் பாருங்க தம்பி. அவளைப் பிடிச்சு அனுப்பினதே நான்தான். அப்பாவுக்கு இன்னொரு குடும்பம் இருந்துச்சான்னு ஊர் பேசிக்கிட்டிருக்கிற வரைக்கும்தான், அந்தக் கொம்பை அவர் எந்தக் கம்பெனி கடிகாரத்தைப் பார்த்துக் காப்பியடிச்சார்னு எவனும் கேக்க மாட்டான்!"