ஆக்சைடு என்பதே சரி

பொன்னும் துருப்பிடிக்கும் இப்பூவுலகில், துருவைத் துடைக்காமல் அதற்குப் பெயர் சூட்டியே பிறவிப்பயன் எய்தும் ஓர் இனம் உண்டு, வாசகரே! சொற்றிருத்திகள் என்று அவர்களை அழைப்போம். அவ்வினத்தின் திலகம் நம் வேதியியல் பேராசிரியர். அவர் மிதிக்கும் மணல் சிலிக்கன் ஆக்சைடு; பருகும் நீர் ஹைட்ரஜன் ஆக்சைடு; மனைவி விடும் பெருமூச்சு கார்பன் டை ஆக்சைடு. அப்பெருமூச்சுக்குக் காரணம் யாது? அதை மட்டும் அவர் ஆராய்ந்தாரில்லை.

வாயிற்கதவின் தாழ்ப்பாள்தான் காரணம்.

"ஏங்க, தாப்பா துருப்பிடிச்சுக் கெடக்கு. ரெண்டு சொட்டு எண்ணெய் விடுங்களேன்."

"துருன்னு சொல்லாதே. ஆக்சைடுன்னு சொல்லு."

"சரி, ஆக்சைடு பிடிச்சுக் கெடக்கு. விடுங்க."

"ஆக்சைடு பிடிக்காது. உருவாகும்."

உருவாயிற்று. மழைக்காலம் முழுதும் செவ்வனே உருவாயிற்று.

இந்நிலையில், அவர் ஆயுள் முழுதும் ஏங்கிக் கிடந்த அழைப்பு வந்தது. அறிவியல் மன்றத்தில் சொற்பொழிவு. தலைப்பு, 'ஆக்சைடு: பொருளும் பயன்பாடும்'. அன்று மாலை அழைத்துச் செல்லக் கார் வந்து நின்றது. பேராசிரியர் தாழ்ப்பாளை இழுத்தார். அது அசையவில்லை. தொங்கினார். அப்போதும் அசையவில்லை.

"சார், கூட்டம் காத்துக்கிட்டிருக்கு," என்றார் வெளியே நின்ற ஓட்டுநர். "துருவேறி இறுகிப்போச்சு. சுத்தியல் இருந்தா ஜன்னல் கம்பி வழியாக் குடுங்க, தட்டிப் பாக்குறேன்."

சுத்தியலை எடுத்துவந்த கை பாதியில் நின்றது.

"துருன்னு சொல்லாதப்பா. அது நீரேறிய இரும்பு ஆக்சைடு. ஆக்சைடுன்னா என்ன?"

அவ்வளவுதான். மடை திறந்தது, கதவு திறக்கவில்லை. ஆக்சிஜன் மற்றொரு தனிமத்தோடு கூடுவதில் தொடங்கி, புளோரின் என்னும் விதிவிலக்கில் வளைந்து, பெராக்சைடில் புகுந்து, ஓங்கிய சுத்தியலோடு அவர் பொழிந்து முடிக்கையில் ஓட்டுநரின் கைபேசி ஒலித்தது.

"சார், உங்களுக்குப் பதிலா மன்றச் செயலாளரே பேசிட்டாராம். ஒரே கைதட்டலாம்."

பேராசிரியரின் முகம் கருகிற்று. நா மட்டும் தளரவில்லை. "அவர் துருன்னா சொன்னார், ஆக்சைடுன்னா சொன்னார்?"

ஓட்டுநர் காரைக் கிளப்பினார். பின்னால் நின்ற மனைவியார் முன்வந்து, கையிலிருந்த எண்ணெயைத் தாழ்ப்பாளில் விட்டு, சுத்தியலை வாங்கி ஒரு தட்டுத் தட்டினார். கதவு திறந்தது.

"எண்ணெயோட இங்கேயேவா நின்னே? முன்னாடியே வர்றதுக்கென்ன?"

"நீங்க பேசும்போது நடுவுல வந்தா உங்களுக்குப் பிடிக்காதே!"

சிரிக்கிறீரா, வாசகரே? பொன்னும் துருப்பிடிக்கும் என்று முதல் வரியில் படித்தபோது, "பொன் எங்காவது துருப்பிடிக்குமா?" என்று திருத்த உம் உதடு துடித்ததா, இல்லையா?

எதற்கும், எழுந்துபோய் உம் வீட்டுத் தாழ்ப்பாளை ஒருமுறை இழுத்துப் பாரும்.