ஆராய்ச்சி தேடிப்போன இரண்டாவது சாட்சி

எங்கள் தெருவில் ஆராய்ச்சி இருந்த வரையில் ஒரு மனிதன்கூட நிம்மதியாகச் செத்ததில்லை.

மிகையாகச் சொல்கிறேன் என்று நினைத்தால், பெங்களூர் கண்டோன்மென்டில் எங்கள் தெருமுனை பேக்கரி லாசரைக் கேளுங்கள். அவருடைய தகப்பனார் கடைசி மூச்சில் கிடந்தார். சுவாமியார் வந்து அவஸ்தைபூசுதல் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். பெண்கள் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருக்க, கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஆராய்ச்சி நுழைந்தார். கையில் நோட்டு, காதில் பென்சில். கிழவரின் காதோரம் குனிந்து, "பெரியவரே, ஆற்காட்டுலேர்ந்து இந்த ஊருக்கு வந்தீங்களே, மாட்டு வண்டியிலயா, நடந்தா?" என்றார்.

இரண்டு நாளாய் மூடியிருந்த கண் திறந்தது. "நடந்துதான்டா வந்தேன், கழுதை!" என்றார் கிழவர். பிறகு கஞ்சி கேட்டார். ஆராய்ச்சியைத் திட்டுவதற்காகவே இன்னும் மூன்று மாதம் இருந்தார். ஆராய்ச்சியும் தினம் தவறாமல் போய்த் திட்டு வாங்கி, ஒரு நோட்டு நிறைய எழுதிக்கொண்டு வந்தார்.

இப்போது பத்திரிகையைப் பிரித்தால் ஒருவர் பழைய காசை ஆராய்கிறாராம், ஒருவர் கல்வெட்டை, ஒருவர் தாலாட்டை, இன்னொருவர் எந்தக் காலத்தில் எந்த ஊரில் என்ன குழம்பு வைத்தார்கள் என்பதை. நான் மூன்றாம் பாரம் தாண்டாதவன். பட்டாளத்து உடுப்புத் தைக்கும் கடையில் தையல்காரன். இந்தச் செய்திகளைப் படித்தால் முதலில் சிரிப்பு வரும், பின்னாலேயே பத்திரிகையை மடித்து வைத்துவிடுவேன். இத்தனையையும் ஒரே ஆளாக, ஒரு கிழிந்த கோட்டோடு செய்த மனிதர் எங்கள் தெருவில் இருந்தார். அவருக்கு நாங்கள் என்ன செய்தோம் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

ஆராய்ச்சி என்பது தெரு வைத்த பெயர். பேக்கரிக்குப் பின்னால் ஒரு அறையில் தனியாக இருந்தார். லாசர் சொல்லுவார்: "குடி வந்த அன்னிக்கே பேரைக் கேட்டேம்பா. பத்து நிமிஷம் கழிச்சுப் பாத்தா, நான் எங்க பாட்டன் பேரை அவருக்குச் சொல்லிக்கிட்டிருக்கேன்!" மறுபடி கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

ஒருநாள் தெருக்குழாயில் இரண்டு பெண்களுக்குச் சண்டை. தமிழில் தொடங்கி, கன்னடத்துக்கு ஏறி, சூடு பிடித்ததும் உருதுவில் நின்றது. ஆராய்ச்சி நடுவில் போய் நின்று, "அம்மா, கொஞ்சம் நிதானமா திட்டுங்க, எழுத முடியல. அந்தக் கடைசி வார்த்தை உங்க அம்மா வீட்டு வழக்கமா, இங்க வந்து கத்துக்கிட்டதா?" என்றார். அந்த நிமிஷமே இரண்டு பேரும் சமாதானமாகி, இரண்டு குடத்தையும் அவர் தலையில் கவிழ்த்தார்கள். நனைந்த நோட்டை லாசரின் ரொட்டி அடுப்பு மேல் உலர்த்திக்கொண்டே, "நல்ல சமாசாரம் கெடச்சுது" என்றார்.

ஒருமுறை நோட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு காலேஜில் ஒரு பெரிய படிப்பாளியைப் பார்க்கப் போனார். துணைக்கு நானும் போனேன். படிப்பாளி நாலு பக்கம் புரட்டிவிட்டு, "இதுல ராஜா யாராவது வர்றாரா?" என்றார்.

"இல்லைங்க."

"யுத்தம்?"

"குழாயடியில ஒண்ணு வருதுங்க."

நோட்டு மூடப்பட்டது. வெளியே வரும்போது எனக்கு அழுகை முட்டியது. ஆராய்ச்சியோ, "அவருக்கு ராஜாக்கள், எனக்கு மத்தவங்க. வேலையைப் பிரிச்சாச்சு அந்தோணி. எனக்குத்தான் ஜாஸ்தி" என்று விறுவிறுவென்று நடந்தார்.

நான் ஏன் அவருக்குத் துணை போனேன் என்று சொல்ல வேண்டும். எனக்கு ஏழு வயசில் இந்த ஊரில் பிளேக் வந்தது. அம்மாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவ்வளவுதான். கல்லறைத் தோட்டத்தில் எங்கோ சுண்ணாம்பு கொட்டி மூடிய குழி. சிலுவை இல்லை, பெயர் இல்லை. ஒவ்வொரு கல்லறைத் திருநாளிலும் அவரவர் தாய் தகப்பன் குழிமேல் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். நான் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் நடுவில் இருக்கும் பெரிய சிலுவையடியில் வைத்துவிட்டு வருவேன். முப்பது வருஷத்துக்கு மேல் இப்படித்தான்.

ஒரு வருஷம் ஆராய்ச்சி அதைப் பார்த்துவிட்டார். "உங்க அம்மா பேரு?" என்றார். அன்று தொடங்கியதுதான் அவருடைய பெரிய வேலை: பிளேக்கில் போய்ப் பெயரில்லாமல் கிடக்கிறவர்கள் யார், எந்த வரிசையில், எந்தக் குழியில். நோட்டு நோட்டாகப் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சிலுவை.

ஆறு வருஷம் கழித்து ஒரு காலை கடைவாசலில் வந்து நின்றார். "வெட்டியான் சவரி சொல்லிட்டான், உங்க அம்மா எடத்தை."

ஊசி கையில் ஏறியதுகூட எனக்குத் தெரியவில்லை. "எங்க சார்?"

"சொல்ல மாட்டேன். ஒருத்தன் சொன்னா அது பேச்சு. ரெண்டு சாட்சி வேணும். தப்பான எடத்துல நீ மெழுகுவர்த்தி வச்சு, வேற எவன் அம்மாவுக்கோ ஜெபம் பண்ணிட்டிருந்தா?"

"பண்ணினாத்தான் என்ன சார், அவங்களுக்கும் போய்ச் சேரட்டுமே!"

"அது ஜெபம். இது ஆராய்ச்சி."

காலைப் பிடித்தும் பார்த்தேன். மசியவில்லை. பிளேக் வண்டி ஓட்டிய ஒரு கிழவன் அத்திபெலே பக்கம் உயிரோடு இருப்பதாகக் கேள்விப்பட்டு, ஆவணி மழையில் நடந்தே கிளம்பினார். நான் என் பங்குக்கு, அந்தச் சாட்சி கிடைக்கட்டும் என்று வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொண்டு திருநாளுக்குப் புறப்பட்டேன். வேண்டுதலை வெளியே சொன்னால் பலிக்காது என்று பெண்சாதி செசிலியிடம்கூட வாய்விடவில்லை.

மாதா கோவில் எண்ணெய்ப் புட்டியோடு திரும்பி வந்தபோது தெரு அமைதியாக இருந்தது. லாசர்தான் சொன்னார். ஆராய்ச்சி அத்திபெலேயிலிருந்து நனைந்துகொண்டே வந்தாராம். நாலு நாள் ஜுரம். முடிந்துவிட்டது. "ஏதோ ரெண்டாவது சாட்சி கெடச்சாச்சாம், ரெண்டும் ஒத்துப்போச்சாம், எழுதி வச்சிருக்காராம். உன்கிட்ட சொல்லச் சொன்னாரு. கோர்ட்டு கேஸா அந்தோணி?"

"நோட்டுங்க எங்க?"

செசிலி முன்னால் வந்தாள். அவள் முகத்தில் பூசைக்குப் போய்வந்த களை.

"லாசர் அண்ணன் கடலை மடிக்கக் குடுத்துடலாம்னாரு, நான்தாங்க விடல. செத்தவங்க பேரெல்லாம் சிலுவை போட்டு எழுதியிருக்குதுன்னு கோவில் உபதேசியார் படிச்சுச் சொன்னாரு. அதுங்க மேல எண்ணெய் படலாமா, காலு படலாமா? பழைய குருத்தோலைய விபூதிப் புதனுக்கு எரிக்கிற மாதிரி, ஜெபம் பண்ணி எரிச்சு, சாம்பல அவர் குழியிலயே போட்டுட்டோம்."

"எல்லாத்தையுமா?"

"ஒரு துண்டு விடலைங்க. மரியாதையா பண்ணோம்."

அன்று ரொட்டி போடாமல், அடுப்பைக் கூட்டித் துடைத்துக் கொடுத்தாராம் லாசர். நோட்டு உலர்ந்த அதே அடுப்பு. தெருவே முழங்கால் போட்டு, ஐம்பத்துமூன்று மணியும் உருட்டி ஜெபமாலை சொல்லி, ஒவ்வொரு நோட்டாக உள்ளே கொடுத்திருக்கிறது. குழாயடிச் சண்டையும், ஆற்காட்டு நடையும், எங்கள் அம்மாவும் அப்படித்தான் போனார்கள். செசிலியை எப்படித் திட்டுவேன்? வாயைத் திறந்து ஒரு வார்த்தை முன்னமே சொல்லியிருந்தால் காப்பாற்றியிருப்பாள். சொல்லாதவன் நான்.

சவரியிடம் ஓடினேன். பாதிக் கண் தெரியாதவன். என் கையைப் பிடித்து அழைத்துப் போய், முதல் நாள் மதிலோரம் காட்டினான். மறுநாள் புளியமரத்தடி. மூன்றாம் நாள், "நேத்து எங்க காட்டினேன், சாமி?" என்று என்னையே கேட்டான். ஆராய்ச்சி ஏன் இரண்டு சாட்சி கேட்டார் என்பது அப்போது விளங்கியது. அத்திபெலேக்கும் இரண்டு தடவை போனேன். "எந்த வண்டிக்காரன் அண்ணா? பேரு ஏனு?" என்று பாதிக் கன்னடத்தில் பெயரைக் கேட்டார்கள். எனக்கென்ன தெரியும்?

அந்தக் கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவர்த்தியை நான் பெரிய சிலுவையடியில் வைக்கவில்லை. ஓரத்தில் ஆராய்ச்சியின் புதுமண் மேட்டில் வைத்தேன். அம்மா இருக்கும் இடம் அந்தச் சாம்பலில்தானே எழுதியிருக்கிறது. இன்றுவரை அங்கேதான் வைக்கிறேன்.

பூசையில் வாசிக்க மரித்தோர் பட்டியலில் அம்மா பெயருக்கு அடுத்து அவரையும் எழுதிக் கொடுத்தேன். உபதேசியார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, "ஆராய்ச்சியா? இதென்னய்யா பேரு? ஞானஸ்நானப் பேரு? ஊரு? தகப்பன் பேரு?" என்று அடுக்கினார். ஊரெல்லாம் ஆராய்ச்சி கேட்ட கேள்விகள். அவரைக் கேட்டவர் ஒருவருமில்லை. "அப்படியே வாசிங்க, ஆண்டவருக்குத் தெரியும்" என்றேன்.

ஆண்டவருக்குத் தெரியும்தான். ஆனால் ஆராய்ச்சி அதை ஒப்புக்கொள்ள மாட்டார். இப்படி ஒரு மனிதர் எங்கள் தெருவில் இருந்தார் என்பதற்கும் இரண்டு சாட்சி கேட்பார். ஒன்று நான். இன்னொன்றுக்கு, இதைப் படித்த உங்கள் பெயரைச் சொல்லிக்கொள்ளலாம் அல்லவா?