போயிட்டு வரேன், ஓவர்

தமிழர்கள் யாரும் வீட்டைவிட்டுப் போவதில்லை. போய்விட்டு வருகிறார்கள். முக்குக் கடைக்கு உப்பு வாங்கக் கிளம்பினாலும் சரி, கப்பலேறிக் கடல் தாண்டினாலும் சரி, வாசலில் நின்று "போறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் வீட்டிலிருக்கும் அத்தனை பேரும் பதறிப்போவார்கள். "போயிட்டு வரேன்னு சொல்லு!" என்று உள்ளேயிருந்து ஓடிவந்து திருத்துவார்கள். நல்ல பழக்கம்தான். தரையில் இருக்கும்வரை அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை. ஆகாயத்தில் வைத்து, அதையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துச் சொன்னால் என்ன ஆகும் என்பதற்குச் சிங்கப்பூரிலேயே ஒரே சாட்சி நான்தான்.

அறுபதுகளின் தொடக்கம். எனக்கு முப்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ட்ரங்க் கால் ஆப்பரேட்டர் வேலை, அதாவது வெளியூர் அழைப்புகளுக்கு ஒயரைச் சொருகி இணைத்துவிடுவது. என் கணவர் விமான நிலையத்தில் ஃபிட்டர். விமானத்தின் நட்டு, போல்ட் ஒவ்வொன்றையும் சொந்தக்காரர்களைப்போல் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். ஏறி உட்காரச் சொன்னால் மட்டும் முகம் வெளுத்துவிடும். ("எப்படி மாட்டியிருக்கேன்னு எனக்குத்தானே தெரியும்" என்பார்.) ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருக்குச் சாப்பாடு கொண்டுபோனபோதுதான், பக்கத்துக் கொட்டகையில் ஃப்ளையிங் கிளப்பின் குட்டி விமானத்தைப் பார்த்தேன். இரண்டே பேர் உட்காரலாம். அதைச் சுற்றி நின்ற அத்தனை பேருக்கும் பெரிய பெரிய மீசை. இத்துனூண்டு விமானத்தை ஓட்ட எதற்கு இவ்வளவு மீசை என்று தோன்றியது. அந்த நினைப்பு போகவே இல்லை. புடவை வாங்குவதை நிறுத்திவிட்டு, பறக்கக் கற்றுக்கொள்ளச் சேர்ந்தேன்.

உண்மையில் எனக்கு ஆசை விமானத்தின்மேல் இல்லை, பினாங்கின்மேல். தினமும் காலையிலிருந்து "பினாங்கு லைன்ல இருக்காங்க, பேசுங்க" என்று சொல்லிச் சொல்லி வாய் வலிக்கும். அந்த ஊர்க் கல்யாணம், சாவு, கொப்பரை விலை, மாமியார் சண்டை எல்லாம் என் விரல் வழியாகத்தான் போய்வந்தன. நான் மட்டும் ஜொகூர் பாலத்தைத் தாண்டியதில்லை. ரயிலில் போகலாமே என்றார்கள். ரயிலில் யார் வேண்டுமானாலும் போகலாம். என்னை நானே கொண்டுபோய் அங்கே இறக்க வேண்டும். அவ்வளவு பிடிவாதம்.

அந்த வருஷத் தொடக்கத்தில் லைசென்ஸ் கிடைத்தது. ஆனால் பினாங்கு என்றதும் கிளப் கமிட்டி இழுத்தடித்தது. ஒரு பெண் தன்னந்தனியாக அவ்வளவு தூரம் போவதாவது என்று மீசைகளெல்லாம் கூடிக் கூடிப் பேசின. தலைமைப் பயிற்சியாளர் ஒரு வெள்ளைக்காரர், போரில் பறந்தவர்; எல்லோரும் கேப்டன் என்போம். அவர்தான் ஒரு வழி சொன்னார். முதலில் மலாக்காவுக்குத் தனியாகப் போய்த் திரும்பி வா. ஒரு சின்னத் தகராறும் இருக்கக் கூடாது. வந்தால் பினாங்குக்கு நான் பேசுகிறேன். தகராறு ஏதாவது ஆனால், பிறகு அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது.

டிசம்பர் கடைசியில் கிளப்பில் ஒரு டீ பார்ட்டி நடக்கும். புதிதாக லைசென்ஸ் வாங்கியவர்கள் எழுந்து நின்று, இந்த வருஷம் எங்கெல்லாம் பறந்தோம், அடுத்த வருஷம் எங்கே பறப்போம் என்று சொல்ல வேண்டும். மலாக்கா பயணத்தை அதற்கு முந்தின வாரம் வைத்துக்கொண்டேன். பார்ட்டியில் எழுந்து "பினாங்கு" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு உட்கார வேண்டும் என்று கண்ணாடி முன்னால் பழகியும் வைத்திருந்தேன்.

பறப்பதில் எனக்குப் பயம் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். ரேடியோவில் பேசுவதில் மட்டும் துளி பயம் இல்லை. கேப்டன் எனக்கு அதைச் சொல்லிக்கொடுக்க வந்தபோது, "மன்னிக்கணும் கேப்டன், நாள் முழுக்கப் பேசிச் சம்பளம் வாங்குறவ நான்" என்று வாயை அடைத்துவிட்டேன். அவரும் விட்டுவிட்டார். (அன்றைக்கு அவர் கொஞ்சம் அதட்டியிருக்கலாம்.)

புறப்படும் நாள் காலை. குவீன்ஸ்டவுன் அடுக்குமாடி வீட்டில், கணவருடைய கால்சட்டையை பெல்ட்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றேன். அத்தை, அதாவது என் மாமியார், திருநீற்றுத் தட்டோடு வந்தார்.

"மேல போனதும் யாருகிட்ட சொல்லிக்கிட்டுக் கெளம்புவே?"

"கண்ட்ரோல் டவர்ல ஒருத்தர் இருப்பார் அத்தை. நம்ம எல்லை தாண்டுறப்போ அவர்கிட்ட ரேடியோவுல லீவிங்னு சொல்லணும்."

"லீவிங்னா?"

"போறேன்னு அர்த்தம்."

என் நெற்றியில் இருந்த விரல் அப்படியே நின்றது.

"வாயக் கழுவு! அந்தரத்துல நின்னுக்கிட்டு, வெள்ளிக்கிழமையும் அதுவுமா, போறேன்னா சொல்லுவே? போயிட்டு வரேன்னு சொல்லு."

"அங்க அப்படியெல்லாம் சொல்லக் கூடாது அத்தை."

"எம்மேல சத்தியம் பண்ணு. இல்ல, இந்த வாசலத் தாண்டாதே."

நேரமாகிக்கொண்டிருந்தது. கணவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். சத்தியம் பண்ணினேன்.

விமானம் அழகாக எழும்பியது. ஜொகூர் நீரிணை வெயிலில் மின்னியது. எல்லையை நெருங்கியதும் டவரிலிருந்து குரல் வந்தது. அங்கே வேலையிலிருந்தவர் ஒரு சீன இளைஞர், தன்மையாகப் பேசுகிறவர். எல்லை தாண்டுவதைச் சொல்லும்படி கேட்டார். நான் வாயைத் திறந்தேன். "லீ..." என்று ஆரம்பித்ததுமே அத்தையின் விரல் நெற்றியில் அழுத்துவதுபோல் இருந்தது. எக்ஸ்சேஞ்சில் எல்லோரும் மெச்சும் என் தேன்குரலை வரவழைத்துக்கொண்டு, திருத்தமாகச் சொன்னேன்:

"கோயிங் அண்ட் கமிங் பேக், சார். ஓவர்."

அவர் திருப்பிக் கேட்டார்: "கன்ஃபர்ம், கமிங் பேக்?"

நிச்சயம் திரும்பி வருகிறாயா என்கிறார்! எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. முன்பின் பார்க்காத சீனப் பையன், என்ன அக்கறை! "கன்ஃபர்ம்! டெஃபனிட்லி கமிங் பேக்! தேங்க் யூ!" என்றேன். சொன்ன கையோடு ரேடியோ குமிழை அடுத்த அலைவரிசைக்குத் திருப்பிவிட்டேன். எங்கள் எக்ஸ்சேஞ்ச் ஒழுக்கம் அது: பேச்சு முடிந்ததும் ஒயரைப் பிடுங்கிவிட வேண்டும், காதைத் தீட்டிக்கொண்டு உட்காரக் கூடாது.

நான் மலாக்காவுக்குப் போகிறேன் என்பது டவருக்குத் தெரியும். பாதி வழிகூடப் போகாதவள் "திரும்பி வருகிறேன்" என்கிறாள், கேட்டால் "நிச்சயமாக" என்கிறாள், அதற்குப்பிறகு கூப்பிடக் கூப்பிடப் பதில் இல்லை என்றால் அவர் என்ன நினைப்பார்? இஞ்சின் கோளாறு, அவசரமாக இறங்க வருகிறாள் என்றுதான். ஓடுபாதையைக் காலி செய்தார். இறங்க வந்த பெரிய பயணி விமானம் ஒன்றைக் கடலுக்குமேல் சுற்றிக்கொண்டிருக்கச் சொன்னார். தீயணைப்பு வண்டிகள் மணியடித்துக்கொண்டு ஓடின. ஸ்பானருடன் கொட்டகையிலிருந்து வெளியே வந்த என் கணவர் யாருக்காக மணி அடிக்கிறது என்று கேட்டிருக்கிறார். சொன்னதும் ஸ்பானரோடு கேப்டனிடம் ஓடினாராம்.

நான் அந்த நேரம் பத்து பகாட் என்ற ஊருக்குமேல் பாடிக்கொண்டு போனேன். (நான் பாடி அதுவரை யாரும் கேட்டதில்லை, இஞ்சின் சத்தம் எவ்வளவு உதவி!) இடதுபக்கம் கடல், வலதுபக்கம் ரப்பர் காடு, நடுவில் நான். மூவார் ஆறு, வரைபடத்தில் இருந்த அதே இடத்தில் இருந்தது. மலாக்காவை நெருங்கி அங்குள்ள டவரைக் கூப்பிட்டேன். எதிர்முனையில் ஒருவர் என் விமானத்தின் எண்ணை மறுபடி மறுபடி சொல்லச் சொன்னார். காது மந்தம்போல, பாவம் என்று நினைத்துக்கொண்டு பொறுமையாகச் சொன்னேன்.

என் வாழ்நாளில் அதுபோல ஓர் இறக்கம் இறக்கியதில்லை. சக்கரம் தரையைத் தொட்டதே தெரியவில்லை. இறங்கி, கால்சட்டையை மேலே இழுத்துவிட்டு, யாராவது பாராட்டுவார்களா என்று பார்த்தேன். ஒரு மலாய் அதிகாரி வேர்த்து விறுவிறுத்து ஓடிவந்தார்.

"மேடம், உங்களைக் காணவில்லை என்று தேடுகிறார்கள்!"

"என்னையா? நான் இங்கேதானே இருக்கிறேன்" என்றேன்.

டெலிபோனிடம் அழைத்துப்போனார். சிங்கப்பூருக்கு ட்ரங்க் கால் போட்டேன். இதில் ஒன்றை நான் யோசித்திருக்க வேண்டும். அந்தப் பக்கம் எடுத்தது எங்கள் எக்ஸ்சேஞ்ச். என் பக்கத்து நாற்காலியில் வேலை செய்யும் லில்லி; பேச்சில் ஒரு "லா" ஒட்டாமல் அவளுக்கு வாக்கியம் முடியாது.

"கமலா! நீ உயிரோட இருக்கியா லா! இங்க ரெண்டு பேரு அழுதுக்கிட்டு இருக்காங்க!"

எக்ஸ்சேஞ்ச் ஒழுக்கமெல்லாம் அன்று காற்றில் போயிற்று. அடுத்து நான் பேசிய ஒவ்வொரு வார்த்தையையும் வரிசையாக உட்கார்ந்திருந்த அத்தனை பெண்களும் ஒயரைச் சொருகிக் கேட்டார்கள் என்று பிறகு தெரிந்தது.

லில்லி கிளப்புக்கு இணைத்துக் கொடுத்தாள்; முதலில் லைனுக்கு வந்தது கணவர். "கமலா, நல்லா இருக்கியா?" என்றார். இருக்கிறேன் என்றேன். "போறேன்னே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?" என்றார். அவர் அழுதுகொண்டிருந்தார். அப்போதுதான் நானும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

பிறகு கேப்டன். என்னதான் நடந்தது என்று கேட்டார். ஒரு வெள்ளைக்காரருக்கு, டெலிபோனில், திருநீறு, வெள்ளிக்கிழமை, சத்தியம் எல்லாவற்றையும் விளக்குவது லேசான காரியம் இல்லை. கேட்டு முடித்துவிட்டு, "அங்கேயே இரு. நாளைக்கு ஆள் அனுப்பி விமானத்தைக் கொண்டுவரச் சொல்கிறேன். நீ ரயிலில் வந்துவிடு" என்றார்.

ரயிலில்! எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பினாங்கும் அதோடு போய்விடும் என்று தெரிந்தது. என்ன தைரியத்தில் பேசினேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

"கேப்டன், நான் வழி தவறவில்லை. இஞ்சினைக் கெடுக்கவில்லை. சொன்ன நேரத்துக்கு, சொன்ன ஊரில், சொன்னபடி இறங்கியிருக்கிறேன். ஒரு வார்த்தைதான் தப்பு. திரும்பி வருகிறேன் என்று டவரிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். விமானத்தை நானேதான் திருப்பிக் கொண்டுவருவேன்."

மறுமுனையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். (லில்லிதான்.) கேப்டன் வானிலை கேட்டார், எரிபொருள் கேட்டார், கடைசியில் "மழைக்கு முன்னால் வந்து சேர்" என்று வைத்துவிட்டார். மலாக்கா எல்லையைத் தாண்டும்போது "லீவிங், லீவிங், லீவிங்" என்று மூன்று தடவை சொன்னேன். ஒரு தடவை போதும் மேடம் என்றார்கள்.

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் அத்தையிடம் நன்றாகக் கேட்டுவிடுவது என்றிருந்தேன். விமான நிலையமே நின்றுபோனது, ஊரே சிரிக்கிறது, எல்லாம் உங்கள் சத்தியத்தால் என்றேன். அத்தை கோப்பியை என் கையில் கொடுத்துவிட்டு அமைதியாகச் சொன்னார்:

"திரும்பி வந்தியா இல்லியா? சொன்னதாலதான் வந்தே."

கோப்பியைக் குடித்தேன்.

டீ பார்ட்டிக்குப் போகாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் போகாவிட்டால் மீசைகள் ஜெயித்த மாதிரி ஆகிவிடும். போனேன். அதுவும் இருந்ததிலேயே நல்ல பட்டுப்புடவையில் போனேன். என் முறை வந்தது. எழுந்து நின்றதுமே மண்டபம் முழுக்கச் சிரிப்பு. சாண்ட்விச் புரையேறி ஒருவர் இருமினார். சிரித்து முடியட்டும் என்று நின்றேன். முடியவில்லை. அதனால் சிரிப்பின் மேலேயே சொன்னேன்:

"இந்த வருஷம் மலாக்கா போனேன். நீங்கள் எல்லோரும் அதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அடுத்த வருஷம் பினாங்கு."

சிரிப்பு நின்றது. கமிட்டித் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "திரும்பி வருவதாக உத்தேசம் உண்டா, மேடம்?" என்றார்.

"கன்ஃபர்ம்" என்றேன்.

கேப்டன்தான் முதலில் மேசையைத் தட்டினார். "இவர் வழி தவறவில்லை, பெரியவர்களே. வழி தவறியது ஆங்கிலம் மட்டும்தான். மார்ச்சில் பினாங்கு போகட்டும்" என்றார். கமிட்டி மறுபடி முணுமுணுத்தது. ஆனால் மண்டபமே மேசையைத் தட்டிக்கொண்டிருந்தபோது முடியாது என்று சொல்ல யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

மார்ச் மாதம் பினாங்கு போகும் நாள் காலையில், அத்தை மறுபடி திருநீற்றுத் தட்டோடு வந்து நின்றார். அந்த மூன்று மாதத்தில் இந்தக் கதையை எங்கள் மாடியில் எல்லா வீட்டிலும் என் கணவர் நடித்துக் காட்டியிருந்தார். இந்தத் தடவை என்ன சத்தியமோ என்று நெற்றியை நீட்டினேன். அவர் பூசிவிட்டு, கொஞ்சம் தயங்கி, என் கையைப் பிடித்தார்.

"அந்த டவர்காரன்கிட்ட லீவிங்னே சொல்லிக்க. நீ எங்கிட்ட சொன்னாப் போதும்."

சொன்னேன். "போயிட்டு வரேன் அத்தை."

செருப்பை மாட்டிக்கொண்டு படியில் கால் வைத்திருப்பேன். ஆங்கிலத்தில் ஓர் எழுத்துகூடத் தெரியாத அந்த அம்மாளின் குரல் பின்னாலிருந்து கேட்டது:

"கன்பர்மா?"

எங்கள் வீட்டில் இன்றுவரை இதுதான் வழக்கம். பள்ளிக்கூடம் போகிற பேத்தியும், கட்டாய ராணுவப் பயிற்சியான தேசிய சேவைக்குப் போகிற பேரனும் "போயிட்டு வரேன்" என்றதும், உள்ளேயிருந்து யாராவது "கன்பர்மா?" என்று கத்துவார்கள். நண்பர்கள் முன்னால் பேரனுக்கு வெட்கம் பிடுங்கும். பதில் சொல்லாமல் மட்டும் யாரும் படியிறங்கியதில்லை. நானும் அன்று படியிலிருந்து திரும்பிப் பார்த்து, டவருக்குச் சொல்வதுபோலத் திருத்தமாக, "கன்ஃபர்ம், அத்தை" என்று சொல்லிவிட்டுத்தான் பினாங்குக்குப் போனேன். மறுநாள் சாயங்காலம், மழைக்கு முன்னால், திரும்பியும் வந்தேன்.