மூன்று நொடி மௌனம் குறித்த புகார்

எரிவாயு ஒழுங்குமுறை ஆணையத்தின் மாண்புமிகு உறுப்பினர் அவர்களுக்கு,

இருபத்திரண்டு ஆண்டுகளாகக் குழாய் எரிவாயுவில் சமைப்பவளும், குடியிருப்போர் சங்கத்தின் தலைவியும், தங்களைவிடப் பதினோரு வயது மூத்தவளுமாகிய நான் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் துணைவியாரும் நலம் என்று நம்புகிறேன். நலமில்லாவிட்டாலும் அதைப் பற்றித் தாங்கள் பேசக் கூடாது என்று ஏதாவது சட்டம் இருக்கும். ஆகையால் கேட்கவில்லை.

தொலைபேசியில் நான் கேட்டதற்கு, "முறைப்படி எழுத்து மூலமா குடு அக்கா" என்று தாங்கள் உத்தரவிட்டதால் முறைப்படியே எழுதுகிறேன். வலது மூலையில் தேதி இருக்கிறது. இடது ஓரத்தில் ஆணையம் தன் குறிப்புகளை எழுதிக்கொள்ள இரண்டு விரல் இடம் விட்டிருக்கிறேன், எழுத ஏதாவது இருந்தால். கான்வென்ட்டில் எங்களுக்குக் கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்த சிஸ்டர், புகார்க் கடிதத்தில் வியப்புக்குறி போடுகிறவள் பாதி வழக்கைத் தோற்றுவிட்டாள் என்பார். இதில் ஒன்றுகூட இருக்காது. தாங்கள் என்று எழுதுவதையும் இந்தப் பத்தியோடு நிறுத்திக்கொள்கிறேன். உனக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டவள் நான். இதற்கு மேல் மரியாதை தாங்காது.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கட்டடத்தின் பதினாறு வீடுகளுக்கும் எரிவாயு தருவது நான் தொலைபேசியில் விசாரித்த அந்தக் கம்பெனிதான். ஒரு வருடக் கட்டணத்தை முன்பணமாகக் கட்டினால் விலையை ஏற்ற மாட்டோம் என்று ஆறு மாதத்துக்கு முன் கடிதம் அனுப்பினார்கள். கடிதம் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தது. நான் முதலில் கையெழுத்துப் போட்டேன். நான் போட்டதைப் பார்த்து மற்ற வீட்டுக்காரர்களும் போட்டார்கள். கடைசியாகப் போட்டவள் கீழ்த்தளத்தில் தையல் கடை வைத்திருப்பவள். அவள் கடையில் துணி தேய்க்கிற நீராவிக்குத் தண்ணீர் கொதிப்பது இந்த எரிவாயுவில்தான். இரண்டாவது மெஷின் வாங்க வைத்திருந்த பணத்தை எடுத்து முன்பணம் கட்டினாள். "நீங்க போட்டிருக்கீங்கல்லம்மா, அப்ப சரியாத்தான் இருக்கும்" என்றாள். அந்தச் சரியாத்தான் இருக்கும் இப்போது என் கணக்கில் நிற்கிறது. கம்பெனி போய்விட்டால் அவளுக்கு மெஷினும் இல்லை, நீராவியும் இல்லை. எனக்கு அவள் கடையைத் தாண்டி வெளியே போக முகம் இல்லை. கட்டடத்துக்கு வேறு வாசலும் இல்லை.

நான்கு வாரத்துக்கு முன், கம்பெனி தன் ஆண்டுக் கணக்கை உங்கள் ஆணையத்திடம் பத்து நாள் தாமதமாகக் கொடுத்தது என்று செய்தித்தாளில் ஒரு மூலையில் படித்தேன். தாமதமாக வருகிறவர்களைப் பற்றி என் கருத்து உனக்குத் தெரியும். உன் அத்தான் எங்கள் கல்யாணத்துக்கே கால் மணி நேரம் தாமதமாக வந்தார், அதை அவர் கண் மூடும்வரை நான் மறக்கவில்லை. உடனே உன்னைக் கூப்பிட்டேன். சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்றரை. "ஏன்டா, இந்தக் கம்பெனி தேறுமா?" என்று கேட்டேன். நீ பேசவில்லை. நொடி முள்ளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முழுதாக மூன்று நொடி. அப்புறம்தான், "அக்கா, அதைப் பத்தி நான் பேசக் கூடாது" என்றாய்.

"பேசக் கூடாதுன்னா, பேசற நெலமையில இல்லைன்னு அர்த்தமா?"

"நான் எதுவும் சொல்லலைக்கா."

"அதைத்தான் கேக்கறேன், ஏன் சொல்லலை?"

"சட்டம் அப்படி. முறைப்படி எழுத்து மூலமா குடு அக்கா. நீ சாப்ட்டியா?"

அந்தச் சாப்ட்டியாவில்தான் நீ மாட்டிக்கொண்டாய். ஏழு வயதில் அப்பாவின் கைக்கடிகாரத்தைத் தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டுவிட்டு, எங்கேடா என்று நான் கேட்டபோதும் இதே மூன்று நொடி, இதே சாப்ட்டியா. உன்னை ஆணையத்தில் உட்கார வைத்தவர்களுக்கு இது தெரியாது. எனக்குத் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம். நடந்ததை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். வதந்தி பரப்புவது என் வழக்கமில்லை. இரண்டாம் மாடிப் பல் டாக்டர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். என் தலைவி நாற்காலிமேல் அவருக்கு ஒன்பது வருடமாகக் கண்.

"தம்பி என்னதான் சொன்னார் மேடம்?"

"ஒண்ணும் சொல்லலை."

"ஒண்ணுமேவா?"

"மூணு நொடி ஒண்ணுமே சொல்லலை. அப்புறம் பேசக் கூடாதுன்னான்."

"அப்ப கம்பெனி முடிஞ்சுது."

"முடிஞ்சுதுன்னு நான் சொல்லலை, டாக்டர்."

"நீங்க சொல்லவே வேண்டாம் மேடம். முகத்துலயே தெரியுது."

என் முகம் எழுபத்தாறு வருடமாக இப்படித்தான் இருக்கிறது.

டாக்டரிடம் ஒரு நாளைக்குப் பதினைந்து பேர் வருகிறார்கள். எல்லோரும் வாயைத் திறந்து வைத்திருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்களிடம் எதைச் சொன்னாலும் மறுத்துப் பேச மாட்டார்கள். அதற்குப் பிறகு நடந்தது நீ அறிந்ததே. ஒரே வாரத்தில் தெருவெல்லாம் முன்பணத்தைத் திருப்பிக் கேட்டது, அடுத்த வாரம் ஊரெல்லாம் கேட்டது, மூன்றாவது வாரம் கம்பெனியின் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை. நான் பயந்தது பயந்தபடியே நடந்தது. அக்காவுக்கு நான்கு வாரத்துக்கு முன்பே தெரிந்தது ஆணையத்தின் ஒன்பது உறுப்பினர்களுக்கும் தெரியவில்லையா என்று ஊர் கேட்கிறது. நானும் கேட்கிறேன்.

செவ்வாய்க்கிழமை நானே கம்பெனி அலுவலகத்துக்குப் போனேன். லிஃப்ட் ஓடவில்லை, மூன்று மாடி ஏறினேன். முன்னறையில் யாருமில்லை, உள்ளறையில் யாருமில்லை, கடைசி அறையில் பழைய நாட்காட்டிக் கட்டுகளின்மேல் ஒருவர் உட்கார்ந்திருந்தார். வேலை செய்தவர்களில் மிஞ்சியவர் அவர்தான், ஆகவே மிஞ்சியவர் என்றே வைத்துக்கொள்வோம்.

"யாரைப் பாக்கணும் மேடம்?"

"பொறுப்புல இருக்கறவங்களை."

"அவங்கெல்லாம் போயிட்டாங்க."

"சரி, பொறுப்பில்லாதவங்களைப் பாக்கறேன்."

"அது நான்தான். உக்காருங்க" என்றவர், சுற்றிலும் பார்த்துவிட்டு, "நில்லுங்க" என்றார். நாற்காலிகளை வாடகைக் கடைக்காரர் காலையில்தான் ஏற்றிக்கொண்டு போனாராம். ஆனாலும் மரியாதை தெரிந்தவர், எனக்குத் தேநீர் போட்டார். மின்சாரக் கெட்டிலில். எரிவாயுக் கம்பெனியில் மின்சாரக் கெட்டிலா என்றேன். "நம்ம குழாய் இந்தக் கட்டடத்துக்கு வரலை மேடம், வேற கம்பெனிதான் சப்ளை. அவங்க பில்லு வேற பாக்கி, அதான் நிறுத்திட்டாங்க" என்றார். இதையெல்லாம் ஒழுங்குமுறை ஆணையம் உன்னிப்பாகக் கவனித்து வருகிறது என்று ஊர் நம்பிக்கொண்டிருக்கிறது.

பிறகு அவர் ஒன்று சொன்னார். அதை அப்படியே எழுதுகிறேன். "நாலு வாரம் முன்னாடி வரைக்கும் நல்லாத்தான் மேடம் ஓடிட்டிருந்தது. கணக்கு பாக்கற அம்மாவுக்குப் பிரசவம், அதான் பத்து நாள் லேட்டாச்சு. ஆணையத்துல ஆள் இருக்கற யாரோ பெரிய இடத்து அம்மாவாம், கம்பெனி முழுகப் போகுதுன்னு எங்கயோ சொல்லிட்டாங்க. மறுநாள்லேருந்து ஆரம்பிச்சுது. எல்லாரும் ஒரே நேரத்துல திருப்பிக் கேட்டா எந்தக் கம்பெனி மேடம் குடுக்கும்? அவங்க பாட்டுக்குப் பேசாம பில்லைக் கட்டியிருந்தா இது நூறு வருஷம் ஓடியிருக்கும்."

நாக்கை அடக்கத் தெரியாத அப்படிப்பட்ட பொம்பளைங்களைச் சும்மா விடக் கூடாது, தேடிப் பிடிங்க என்றேன். ஆணையமே விசாரணைக் குழு போட்டு அந்த அம்மாவைத் தேடிக்கொண்டிருக்கிறது என்றார். நீங்கள் ஒன்பது பேரும் சேர்ந்து செய்த முதல் நல்ல காரியம் இதுதான். அவளைக் கண்டுபிடித்தால் வயதைப் பார்த்து விட்டுவிடாதே. நல்ல பள்ளிக்கூடத்தில் படித்தவளாக இருந்தால் தண்டனையை ஒரு பங்கு கூடவே கொடு.

அங்கிருந்து நேராக உன் ஆணையத்துக்கு வந்தேன். உன்னைப் பார்க்க இல்லை, வரிசையில் நிற்க. வரிசையில் யாருமில்லை. இயந்திரம் எனக்கு ஒன்று என்று எண் கொடுத்தது. பலகையில் பூஜ்யம் என்று இருந்தது. அது ஒன்று ஆவதற்கு நாற்பது நிமிடம் ஆனது. எதிர்ச் சுவரில் உங்கள் ஒன்பது பேர் படமும் மாட்டியிருந்தது. நீ கையில் பேனா வைத்திருக்கிறாய், மூடி கழற்றவில்லை. கவுன்டரில் இருந்த பெண் என் கதை முழுவதையும் கேட்டுவிட்டு, "முதல்ல கம்பெனிகிட்டதான் புகார் குடுக்கணும் மேடம். முப்பது நாள்ல பதில் வரலைன்னா எங்ககிட்ட வாங்க" என்றாள்.

"முப்பது நாள்ல கம்பெனியே இருக்காதேம்மா."

"அப்ப நேராவே வரலாம் மேடம்."

"வந்தா என்ன செய்வீங்க?"

"இல்லாத கம்பெனிமேல எப்படி மேடம் நடவடிக்கை எடுக்கறது?"

அவள்மேல் எனக்குக் கோபமில்லை. தனக்குச் சொல்லிக்கொடுத்ததைத் தடுமாறாமல் ஒப்பித்தாள், உச்சரிப்பும் சுத்தம். சொல்லிக்கொடுத்தவர்கள்மேல்தான் கோபம்.

ஆகவே நான் கோருவது: வருகிற ஞாயிறு பதினோரு மணிக்குள், ஆணையத்தின் முத்திரையோடு, முன்பணம் பத்திரமாக இருக்கிறதா, கம்பெனி முழுகினால் தையல்காரியின் அடுப்புக்கு யார் எரிவாயு கொடுப்பார்கள் என்று நீ எழுதிக் கொடுக்க வேண்டும். அன்றைக்குத்தான் அடுத்த கூட்டம். எல்லோரையும் கையெழுத்துப் போட வைத்து ஏமாற்றினேன் என்று அன்றைக்குத்தான் டாக்டர் என்மேல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவருகிறார். நான் அந்த நாற்காலியை விடுவேன், ஆனால் பொய் சொன்னவள் என்ற பெயரோடு விட மாட்டேன். கேட்டது கிடைக்காவிட்டால் அந்த மூன்று நொடி பற்றி உங்கள் தலைவருக்கே எழுதுவேன். அவருடைய முகவரி என்னிடம் இருக்கிறது.

உன் மனைவிக்கு என் அன்பு. அவள் அனுப்பிய போர்வை நன்றாக இருக்கிறது, நிறம்தான் சகிக்கவில்லை. ரத்த அழுத்த மாத்திரையைத் தவறாமல் போட்டுக்கொள். நீ நீண்ட ஆயுளோடு இருந்து, ஒரு கேள்விக்காவது பதில் சொல்லும் நாளை நான் இருந்து பார்க்க வேண்டும் என்று வாழ்த்தி முடிக்கிறேன்.

உன் மூத்தவள்

பின்குறிப்பு: முக்கியமான கடிதத்தை ஒட்டுவதற்கு முன் இன்னொருவருக்கு உரக்கப் படித்துக் காட்ட வேண்டும் என்பதும் சிஸ்டர் சொன்னதுதான். கீழே போய்த் தையல்காரிக்குப் படித்துக் காட்டினேன். அவள் ஒரு கால்சட்டையின் ஓரத்தை மடித்துக்கொண்டே கேட்டாள். முடித்ததும், உதட்டில் கவ்வியிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துவிட்டு, "அந்தப் பெரிய இடத்து அம்மா நீங்கதானேம்மா?" என்றாள்.

மூன்று நொடி நான் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நீ சாப்ட்டியா?" என்று கேட்டேன்.

அவள் சிரிக்கவில்லை. "ஒன்றரை மணிக்குக் கூப்பிட்டீங்களேம்மா, அவர் வாயில சோறு இருந்திருக்கும்" என்றாள். மேலே வந்து நெடுநேரம் அந்தச் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாயில் சோற்றோடு பேசினால் சூடு வைப்பேன் என்று உன்னை மிரட்டி வளர்த்தவளும் நான்தான். அறுபத்தைந்து வயதிலும் அதைக் காப்பாற்றுகிறாய் என்று தெரிந்திருந்தால் அந்த மூன்று நொடியை எண்ணியிருக்கவே மாட்டேன்.

ஆகவே மேலே கண்ட புகாரை, போர்வையின் நிறம் நீங்கலாக, திரும்பப் பெறுகிறேன். அந்தப் பெரிய இடத்து அம்மாவைப் பற்றி நான் எழுதியவற்றை நீயே அடித்துவிடு. நான் அடித்தால் தாள் அசிங்கமாகிவிடும். விசாரணைக் குழுவுக்கு என் பெயரைக் கொடு, எழுத்துப் பிழையில்லாமல் எழுதச் சொல். ஆனால் திங்கட்கிழமை கொடு. ஞாயிறு பதினோரு மணிக்குக் கூட்டத்தின் நடுவில் ஸ்பீக்கரைப் போட்டு உன்னைக் கூப்பிடுவேன். கட்டடமே கேட்டுக்கொண்டிருக்கும், டாக்டர் முன்வரிசையில் இருப்பார். அதே கேள்வியைக் கேட்பேன். நீ பொய் சொல்ல வேண்டாம், சட்டத்தை மீறவும் வேண்டாம், அதைப் பத்தி நான் பேசக் கூடாது என்று அதே பதிலைச் சொல். ஆனால் நான் கேட்டு முடித்தவுடன் சொல், சிரித்துக்கொண்டே சொல். மற்றதை டாக்டரின் நாற்காலியில் வாயைத் திறந்து உட்காருகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஒரு வாரத்தில் ஊர் பில் கட்டத் தொடங்கிவிடும், மிஞ்சியவருக்கும் உட்கார ஒரு நாற்காலி வரும்.

பத்தே முக்காலுக்கு மேல் வாயில் எதையும் போடாதே.