சைடு போஸும் என் தம்பி கழுத்தும்

எதற்கும் இரண்டு பக்கம் உண்டு என்று எல்லோரும்தான் சொல்கிறார்கள். அதை ஒரு நாளும் விடாமல் கடைப்பிடித்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். கள்ளக்குறிச்சியில் நான் நர்ஸாக இருந்த ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே டெக்னீஷியன். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். எங்களுக்கு அவர் ‘சைடு போஸ்’.

நேராக ஒரு படம் எடுத்தால், பக்கவாட்டில் ஒன்று எடுக்காமல் விடமாட்டார். டீக்கடை வடையைக்கூடத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கடிப்பார். சங்கராபுரத்தில் பெண் பார்க்கப் போன இடத்தில், “கொஞ்சம் சைடுல திரும்புங்க” என்றாராம். “மொதல்ல நீங்க திரும்புங்க” என்றது பெண். திரும்பினார். தொப்பையைப் பார்த்ததும் பெண் வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

இதையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன், என் தம்பியைத் தூக்கிக்கொண்டு வரும்வரை. நைனார்பாளையத்தில் புல் வெட்டும் மெஷினின் பிளேடு உடைந்து, ஒரு சில்லு தாடைக்குப் பின்னால் அவன் கழுத்தில் பாய்ந்துவிட்டது. பக்கத்திலேயே பெரிய ரத்தக்குழாய். அன்று ஆபரேஷன் தியேட்டரில் ஆள் குறைவு. டாக்டருக்கு உதவியாக நானே நின்றேன்.

டாக்டர் சில்லை எடுத்துவிட்டார். மேஜைக்கு மேல் வளைந்து நிற்கும் எக்ஸ்ரே மெஷினில் சைடு போஸ் நேராக ஒரு படம் எடுத்தார். தம்பி கடைவாய்ப்பல்லுக்குப் போட்டிருந்த உலோக கேப் மட்டும் திரையில் வெள்ளையாகத் தெரிந்தது.

“முடிஞ்சிது. தையல் போட்றலாம்” என்றார் டாக்டர்.

“சைடுல ஒன்னு சார்.”

“யோவ், இன்னா கல்யாண வூடா இது? மெஷின நவுத்துய்யா!”

“நீங்க திட்டிக்கினே இருங்க சார். நான் எடுத்துக்கினே இருக்கேன்.”

எடுத்தார். பல்லுக்குப் பின்னால் அரிசி அளவில் இன்னொரு வெள்ளை! இழுத்தபோது சில்லின் நுனி முறிந்து உள்ளேயே தங்கியிருக்கிறது. நேர்ப் படத்தில் அதைப் பல்லின் கேப் மறைத்துவிட்டது. எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

டாக்டர் தையல் ஊசியைக் கீழே வைத்தார். அந்த நுனியையும் எடுத்தார். எடுத்த கையோடு அவரே கத்தினார்: “யோவ், சைடுல இன்னொன்னு எடுய்யா!”

“நேராவும் ஒன்னு எடுத்துக்கறேன் சார்” என்றார் இவர். யாரும் மறுக்கவில்லை.

மறுநாள் காலை தம்பி கண்ணைத் திறந்து, “அக்கா, பசிக்குது” என்றான். நான் இட்லி வாங்க ஓடாமல் எக்ஸ்ரே அறைக்கு ஓடினேன். நன்றி சொல்ல வாயைத் திறந்தால் அழுகைதான் வந்தது.

“இன்னா சிஸ்டர், அழுதுக்கினு நிக்கிறீங்க? தம்பி நல்லாத்தான இருக்காரு?” என்று பதறிப்போனார்.

“நல்லா இருக்கான் அண்ணே” என்றேன். எனக்குக் கூடப்பிறந்த அண்ணன் கிடையாது. இருந்திருந்தாலும், என் தம்பியை இவ்வளவு அக்கறையாகப் பார்த்திருக்க மாட்டான்.