திறந்து பார்க்கக் கூடாது, சொல்லிவிட்டேன்

மனிதர்களில் ரகசியக் காவலர் என்று ஓர் இனம் உண்டு. உளவுத்துறையில் போய்த் தேடாதீர்கள், அங்கே கிடைக்கமாட்டார்கள். உங்கள் வீட்டு மாடிப்படியில்தான் எதிர்ப்படுவார்கள். தபாலில் வந்த உறையைக் குப்பையில் போடுமுன் முகவரியை மட்டும் கிழித்தெடுத்து, கிழித்ததைச் சுக்கல் சுக்கலாக்கி, பாதியை வீட்டுத் தொட்டியிலும் மீதியைத் தேவாலயத்துக்குப் பக்கத்துத் தொட்டியிலும் போட்டுவிட்டு, யாரும் பார்க்கவில்லையே என்று திரும்பிப் பார்த்துக்கொண்டே வருவார்கள். இத்தனைக்கும் அந்த உறையில் வந்தது மெத்தை விளம்பரமாக இருக்கும்.

இந்த இனத்தின் சிறந்த மாதிரி ஜெர்மனியின் எஸ்லிங்கன் நகரில், நெக்கர் ஆற்றுக்குச் சற்று மேலே, ஒரு குடியிருப்பின் இரண்டாம் மாடியில் இருக்கிறார். பெயர் எபர்ஹார்ட் ஹெஃபலே. பல்சக்கரத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். இணைய வரைபடத்தில் தெருவின் படம் வந்தபோது, தன் வீட்டை மங்கலாக்க வேண்டும் என்று எழுதிப் போட்டுச் சாதித்தவர். அன்றிலிருந்து அந்தத் தெருவில் யார் வழி கேட்டாலும், "மங்கலா ஒரு வீடு தெரியும் பாருங்க, அதுக்கு அடுத்தது" என்றுதான் சொல்கிறார்கள். ரொட்டிக்கடையின் சலுகை அட்டைக்குப் பிறந்தநாளை வேண்டுமென்றே தப்பாகக் கொடுத்தவரும் இவர்தான். அந்தத் தப்பான தேதியில் கடைக்காரர்கள் வருஷா வருஷம் ஒரு கேக் சும்மா தருகிறார்கள். வேண்டாம் என்பாரா? ஷ்வாபியர் ஐயா அவர், சிக்கனத்துக்குப் பேர்போன வட்டாரம். போய் வாங்கிக்கொண்டு, வாழ்த்துச் சொல்கிறவர்களுக்கெல்லாம் தலையாட்டிவிட்டு வருகிறார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அவர் காதுக்குக் கருவி வைத்திருக்கிறார். அது கம்பியில்லாமல் போனோடு பேசுகிறது என்று தெரிந்த நாள்முதல், அந்தரங்கமான எதையும் பேசுமுன் அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுவிடுவார். யாராவது ஒட்டுக் கேட்டால்?

இப்பேர்ப்பட்டவரின் வெளி ஹார்ட் டிஸ்க் ஒரு நாள் காலையில் டிக் டிக் என்று சத்தம் போட்டுவிட்டுப் படுத்துவிட்டது. கணினியில் செருகினால் அப்படி ஒன்று இருப்பதாகவே கணினிக்குத் தெரியவில்லை. வாரண்டி பாக்கி இருந்தது. கடையில் கொடுத்தால் புதிதாக ஒன்று தருவார்கள். ஆனால் பழையது அவர்கள் கைக்குப் போய்விடுமே. உள்ளே இருப்பதை அழித்துவிட்டுக் கொடுக்கலாம் என்றால், திறந்தால்தானே அழிப்பதற்கு?

உள்ளே என்ன அப்படி? வரிக் கணக்கு இருந்தது, சர்க்கரைப் பரிசோதனை முடிவுகள் இருந்தன. அவற்றைப் பற்றி அவருக்குப் பெரிய கவலை இல்லை. கவலையெல்லாம் 'படிக்கட்டு' என்று பெயரிட்ட ஒரு கோப்புறையைப் பற்றித்தான். அந்த வீட்டில் மாடிப்படியை ஆளுக்கொரு வாரம் கூட்டித் துடைக்க வேண்டும். யார் முறையோ அவர் கதவுக் குமிழில் ஒரு சின்னப் பலகை தொங்கும். வாரம் முடிந்தால் அது அடுத்த கதவுக்குப் போகும். கீழ்வீட்டு மோஸர் அம்மாளின் வாரம் முடிகிற சனிக்கிழமைகளில் ஹெஃபலே செருப்பில்லாமல் இறங்கிப்போய், மூலையில் தங்கிய தூசியையும் கைப்பிடிக்கு அடியில் விட்டுப்போன நூலாம்படையையும் பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்துப் படம் எடுத்துவிடுவார். யாரிடமும் காட்டுவதற்கு இல்லை. ஆதாரம் இருக்கட்டுமே என்றுதான். தரப் பரிசோதகர் ஓய்வு பெறலாம், அவர் கண் ஓய்வு பெறுமா?

அதே மோஸர் அம்மாள்தான் அவருக்கு வரும் பார்சல்களை வாங்கி வைப்பவர். ஆகஸ்டில் ஹெஃபலேயும் மனைவியும் போடன் ஏரிக்குப் போகும்போது மாடத்துத் தக்காளிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுபவர். வீட்டு மாற்றுச் சாவியும் அவரிடம்தான். அந்தப் படங்கள் வெளியே வந்தால் தக்காளி காயும், பார்சல் திரும்பிப் போகும், படியில் ஒரு வணக்கம்கூடக் கிடைக்காது. மனிதர் உண்மையிலேயே பயந்துபோயிருந்தார்.

உள்ளே இருப்பது அழியட்டும் என்று, அன்று மாலை முழுவதும் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டியிருந்த ப்ரெட்ஸல் ரொட்டி வடிவக் காந்தத்தால் டிஸ்க்கைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மனைவி ஹானலோரே பார்த்துப் பார்த்துப் பொறுக்கமுடியாமல் வாயைத் திறந்தாள்.

"காந்தத்துல பாதி தேஞ்சு போச்சு. சுத்தியலை எடுத்து ரெண்டு போடு, விஷயம் முடிஞ்சுது. புதுசு நாமளே வாங்கிக்கலாம்."

"உடைச்சா வாரண்டி போயிடும்."

"அப்ப அப்படியே குடுத்துடு."

"குடுத்தா மானம் போயிடும்."

"ரெண்டுல எது விலை ஜாஸ்தின்னு நீயே பார்த்துக்கோ" என்று சொல்லிவிட்டு அவள் பயறுக் குழம்பைக் கிளறப் போனாள்.

ஹெஃபலே இரண்டையும் விடுவதாக இல்லை. மறுநாள் டிஸ்க்கை ஒரு காலுறைக்குள் போட்டு, காலுறையை டப்பாவில் வைத்து, டப்பாவைச் சுற்றி நாடா ஒட்டிக்கொண்டு கடைக்குப் போனார். திருப்பித் தரும் கவுன்ட்டருக்கு முன்னால் தரையில் ஒரு மஞ்சள் கோடு உண்டு. ஒருவர் பேசும்போது மற்றவர்கள் அதற்குப் பின்னால் நிற்க வேண்டும், அவரவர் விஷயம் அவரவருக்கு. ஹெஃபலேயின் மனதுக்குப் பிடித்த கோடு. பின்னால் நின்றவரின் ஷூ நுனி கோட்டைத் தொட்டிருப்பதைக் காட்டி, தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, கவுன்ட்டரில் சாய்ந்துகொண்டார். வழக்கம்போலக் காதுக் கருவியைக் கழற்றிப் பையில் போட்டார்.

அதற்குப் பிறகு அவர் குசுகுசுத்தது கடையின் மறுகோடியில் துணி துவைக்கும் இயந்திரம் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கும் கேட்டது.

"இதுல என்னோட அந்தரங்கம் இருக்கு. யாரும் திறந்து பார்க்கக் கூடாது, சொல்லிட்டேன்."

"யாரும் பார்க்கமாட்டாங்க சார்" என்றாள் கவுன்ட்டரில் இருந்த ஸெவ்கி. "கம்பெனிக்கு அனுப்பிடுவோம். புதுசு உங்க வீட்டுக்கே வந்துடும்."

"என்னது?"

"பார்க்கமாட்டாங்க!"

"பார்ப்பாங்க. எனக்குத் தெரியும். வரிக் கணக்கைப் பார்க்கட்டும், சர்க்கரை எவ்வளவுன்னு பார்க்கட்டும், அது பரவாயில்ல. 'படிக்கட்டு'ன்னு ஒண்ணு இருக்கும், அதை மட்டும் தொடக் கூடாது."

"நான் ஒண்ணும் கேக்கலையே சார்."

"கேக்காதீங்க. கீழ்வீட்டு மோஸரம்மா துடைக்கற லட்சணம் அதுல இருக்கு. ஒவ்வொரு தடவையும் எடுத்து வெச்சிருக்கேன், தேதியோட. அந்தம்மாவுக்கு இது தெரியவே கூடாது. உங்களை நம்பித்தான் சொல்றேன்."

ஸெவ்கியின் பார்வை அவர் தோளுக்கு மேலே எங்கோ போயிருந்தது. ஹெஃபலே திரும்பினார். மஞ்சள் கோட்டுக்குப் பின்னால், துளிகூடக் கோட்டைத் தொடாமல், கெட்டுப்போன ஒரு கெட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு, எப்போது வந்தாரோ, மோஸர் அம்மாள் நின்றிருந்தார்.

கருவியை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டார். மாட்டாமலே இருந்திருக்கலாம் என்று பிறகு தோன்றியிருக்கும்.

"தேதியோடவா?" என்றார் மோஸர் அம்மாள்.

"அது வந்து... சும்மா ஒரு..."

"அளவுகோல் வெச்சா, வெக்காமலா?"

"வெச்சு" என்றார் ஹெஃபலே, சுரத்தில்லாமல்.

"நான் அளவுகோல் வெக்கறதில்ல. ஒரு நாணயம் வெப்பேன், பளிச்சுனு தெரியும்."

ஹெஃபலேக்கு ஒரு கணம் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் சிவந்தது. "என் படியையா? என் வாரத்துலயா?"

"பின்னே யாரோட வாரத்துல? ஜன்னல் விளிம்பை நீங்க என்னிக்காவது துடைச்சிருக்கீங்களா?"

இங்கேதான் நீங்கள் நம் இனத்தை முழு உருவத்தில் பார்க்க வேண்டும். வெட்கப்பட்டாரா? மன்னிப்புக் கேட்டாரா? நிமிர்ந்து நின்றார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"என்னோட அனுமதி இல்லாம நான் துடைச்ச படியை எப்படி நீங்க படம் எடுக்கலாம்? அது என்னோட சொந்தத் தகவல்."

கோட்டுக்குப் பின்னால் நின்றவர்கள் அதுவரை அடக்கி வைத்திருந்த சிரிப்பு அப்போதுதான் வெளியே வந்தது. ஸெவ்கி குனிந்து நாடாவைத் தேடுவதுபோல் பாவனை செய்தாள். மோஸர் அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை.

"என்னோட டிஸ்க்கும் போன வருஷம் கெட்டுப்போச்சு, ஹெஃபலே சார். வாங்கின அன்னிக்கே பாஸ்வேர்ட் போட்டு மொத்தத்தையும் பூட்டி வெச்சிருந்தேன். அதனால வாயைத் திறக்காம குடுத்துட்டுப் போயிட்டேன். உங்களுக்கு இன்னிவரைக்கும் தெரிஞ்சுதா?"

தெரியவில்லைதான்.

"சரி, ஆகஸ்ட்ல தக்காளிக்குத் தண்ணி ஊத்தணுமா, வேண்டாமா?"

"ஊத்துங்க" என்றார் ஹெஃபலே. அவ்வளவு சின்னக் குரலில் அவர் பேசி யாரும் கேட்டதில்லை. இனி ஒளிக்க என்ன இருக்கிறது? டப்பாவை ஸெவ்கியிடம் நீட்டினார்.

புதிய டிஸ்க் வந்தபோது ஹெஃபலே வீட்டில் இல்லை. மோஸர் அம்மாள்தான் வாங்கி வைத்தார். அவரே மேலே கொண்டுவந்து, பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டுவது எப்படி என்று மாடிப்படியிலேயே உட்கார்ந்து சொல்லியும் கொடுத்தார். விஷயம் அந்தரங்கமானது என்பதால் ஹெஃபலே முதலில் காதுக் கருவியைக் கழற்றிப் பையில் போட்டார். பிறகு பாஸ்வேர்டை ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லிச் சொல்லித் தட்டினார். நாலு வீட்டுக் கதவுக்கும் மனப்பாடமாயிற்று.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். உங்கள் மேஜை இழுப்பறையிலும் ஒரு டிஸ்க் கிடக்கிறது, அது இன்னும் டிக் டிக் என்று சத்தம் போடவில்லை, அவ்வளவுதான். அதற்குப் பாஸ்வேர்ட் போட்டிருக்கிறீர்களா என்று இந்த நிமிஷம் உங்களுக்கே சந்தேகம் வந்துவிட்டது, இல்லையா? அடுத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். உட்கார்ந்த இடத்திலிருந்தே, சமையலறையில் இருப்பவருக்குக் கேட்கும்படி, "ஏம்மா, நம்ம பாஸ்வேர்ட் என்ன?" என்று கூப்பிட்டுக் கேட்பீர்கள். பதிலும் அதே குரலில் வரும்.

கேளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. வாசற்கதவைச் சாத்திவிட்டுக் கேளுங்கள். படிக்கட்டில் யாரோ கூட்டிக்கொண்டிருக்கிறார்கள்.